விறகும் காஸும் ரெண்டும் உள்ள குசினிக்கு என்ன சட்டி பானை வாங்குறது?

வட்டக்கச்சி:

கிளிநொச்சிப் பக்கம், புதுசாக் கட்டின வீடு. குசினிக்குள்ள ரெண்டு பேர்னர் காஸ் அடுப்பு, பின் பத்தியில சீமெந்தால கட்டின விறகடுப்பு. ஆறு பேருக்குச் சமையல். சோறு, பிட்டு, இடியப்பம், குளிக்கத் தண்ணி எல்லாம் விறகில. கறி, சொதி, தாளிதம், தேத்தண்ணி காஸில. கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி, கேத்திலுக்க வெள்ளையாப் படியுது.

இப்ப இருக்கிற அலுமினியச் சட்டியள் மெல்லிசு, அடி புடைச்சுப் போச்சு. எல்லாத்தையும் மாத்த வேணும். ரவுணில 12 துண்டு நொன்ஸ்டிக் செற் ஒண்டு மலிவு விலையில போட்டிருக்கினம், அது சரிவருமோ? எவர்சில்வர் வாங்கினா அடிப்பிடிக்கும் எண்டினம், அலுமினியம் உடம்புக்குக் கூடாது எண்டினம், மண்சட்டி காஸில வெடிக்கும் எண்டினம். எதைத்தான் வாங்குறது? என்ன அளவு எண்டும் சொன்னா நல்லம்.

நிறைதராசு:

செற்றை விடுங்கோ. 12 துண்டு எண்டுறது மூடி, கரண்டி எல்லாத்தையும் சேர்த்த கணக்கு. ஆறு பேருக்குச் சோறு காய்ச்சக்கூடிய சட்டி அந்தப் பெட்டிக்குள்ள அநேகமா இராது. நொன்ஸ்டிக்கை விறகடுப்பில வைக்கவே ஏலாது, ஆனபடியா உங்கட பாதிச் சமையலுக்கு அது உதவாது.

முதல்ல அளவு. ஒரு நேரச் சோத்துக்கு 750 கிராம் அரிசி எண்டு வைப்பம். அது கிட்டத்தட்ட 0.9 லீற்றர் இடம் பிடிக்கும். கஞ்சி வடிக்கிறதெண்டா 4 லீற்றர் தண்ணி விட வேணும். பொங்கி வழியாமல் இருக்க மேல ஐஞ்சில ஒரு பங்கு வெறுமையா இருக்க வேணும். அப்ப 6 லீற்றருக்கு மேல. கடையில லீற்றர் எழுதியிராட்டி அடிமட்டம் போதும்: வாய் விட்டத்தில பாதியை அதாலேயே பெருக்கி, உயரத்தால பெருக்கி, 3.14 ஆல பெருக்கி, 1000 ஆல பிரியுங்கோ. வாய் 24 செ.மீ, உயரம் 14 செ.மீ எண்டா 6.3 லீற்றர். அதுதான் உங்கட சோத்துச் சட்டி. இறைச்சிக்கும் மரக்கறிக்கும் 22க்கு 12 (4.6 லீற்றர்), பருப்புக்கும் சொதிக்கும் 20க்கு 10 (3.1 லீற்றர்) தாராளம்.

பிறகு தடிப்பு. விளிம்பைச் சுருட்டி மடிச்சிருப்பினம், அதைப் பாத்து ஏமாற வேண்டாம். மெல்லிய தகட்டுக்கும் அந்த விளிம்பு தடிப்பாத்தான் தெரியும். மூடியைக் கழட்டிப்போட்டு தராசில வைக்கச் சொல்லுங்கோ. மேல சொன்ன 24க்கு 14 அலுமினியச் சட்டி 600 கிராம் நிண்டா தகடு 1.5 மி.மீ அளவு. 1.2 கிலோ நிண்டா 3 மி.மீ. விறகுக்கு வாங்குறது 3க்குக் கிட்ட இருக்க வேணும். உங்கட பழசு அடி புடைச்சதுக்குக் காரணம் மெல்லிசு எண்டது மட்டுமில்லை: வெறுஞ்சட்டியாச் சூடேறி, அதுக்குள்ள திடீரெண்டு பச்சைத் தண்ணி விட்டா எந்த மெல்லிய தகடும் வளையும். வளைஞ்ச சட்டி காஸ் ஸ்ராண்டில ஆடும், எண்ணெய் ஒரு பக்கம் ஓடும்.

எவர்சில்வர் அடிப்பிடிக்கிறதும் உண்மைதான். அலுமினியத்தோட பாக்க அது சூட்டைக் கடத்துறது பதினைஞ்சில ஒரு பங்கு மட்டில. நெருப்பு வளையம் படுற இடம் மட்டும் கொதிச்சு, நடுவும் ஓரமும் பின்னுக்கு நிக்கும். அதுக்குத்தான் அடியில அலுமினியத் தட்டு ஒண்டை வைச்சு ஒட்டி விக்கினம். காஸுக்கு அது நல்ல சாமான். அடித்தட்டு விளிம்பைப் பக்கவாட்டில பாருங்கோ, 4 மி.மீ அளவாவது இருக்க வேணும்.

ஆனால் அதே சட்டியை விறகில ஏத்தினா வேற கதை. விறகுச் சுவாலை அடியில நிக்காது, பக்கத்தால ஏறும். அடித்தட்டு முடியிற இடத்துக்கு மேல சுவர் அரை மி.மீ தகடுதான். அங்க வளையம் மாதிரிக் கருகும், அடி வெள்ளையா இருக்கும். தண்ணி வத்தி வெறுஞ்சட்டியா நிண்டு காஞ்சா ரெண்டு உலோகமும் வேற வேற அளவில விரியிறதால தட்டு விட்டுப்போகவும் பாக்கும். ஆகவே அடித்தட்டுச் சட்டி காஸுக்கு மட்டும். சுவர் முழுக்க மூண்டு படையா வாறதும் இருக்கு, அது விறகுக்கும் தாங்கும், ஆனால் அந்த விலையைக் குடுத்துக் கரி பிடிக்க வைக்கிறது வீண்.

பச்சைமிளகாய்:

அலுமினியம் விசம். இருக்கிறதை எல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிட்டு முழுக்க எவர்சில்வர் எடுங்கோ. வேற கதை வேண்டாம்.

கரிக்கட்டி:

அப்பிடி ஒரே வெட்டாச் சொல்லேலாது. அலுமினியத்துக்கு மேல தானாவே ஒரு மெல்லிய ஒக்சைட் படை இருக்கும். வெறும் தண்ணி, சோறு, பிட்டு ஆவி இதுகளுக்கு அந்தப் படை நிண்டு தாங்கும். அதைக் கரைக்கிறது ரெண்டு: புளிப்பும் காரமும். பழப்புளி, தேசிக்காய், தக்காளிப்பழம், கொறுக்காய், வினாகிரி ஒரு பக்கம். அப்பச்சோடா, சாம்பல் மற்றப் பக்கம். உப்பும் சேர்ந்து, புளிக்குழம்பை இரவு முழுக்க அந்தச் சட்டியிலயே வைச்சா நல்லாக் கரையும், குழம்பிலயும் தகரச் சுவை தெரியும். வவுனியாப் பக்கம் சில கிணறுகளில புளுரைட்டும் கூட. புளுரைட்டும் புளியும் சேர்ந்தா அலுமினியம் இன்னும் வேகமாக் கரையும். அங்கத்தைச் சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் எண்டு யாரும் நிறுவேல்லை, அது வேற விசயம். ஆனால் புளிக்கறியை அலுமினியத்தில வைக்காமல் விடுறதுக்கு இவ்வளவும் காணும்.

சோத்துச் சட்டி உள்ளுக்குச் சாம்பல் நிறமா, கறுப்பாப் போகுதெண்டு பயப்பிடுறவை கனபேர். கல்லுத் தண்ணியைக் கொதிக்க வைக்க அது கொஞ்சம் காரமாகும், அதால ஒக்சைட் படை தடிச்சு நிறம் மாறுது. அதை விடுங்கோ. ஒவ்வொரு நாளும் கம்பிச் சுருளால மினுக்கினாத்தான் படை போய்ப் புது உலோகம் வெளியில வரும். சாம்பலால தேய்க்கிறதெண்டா வெளிப்பக்கம் மட்டும், உள்ளுக்கு வேண்டாம்.

உண்மையில யோசிக்க வேண்டியது வார்ப்புச் சட்டி. பழைய எஞ்சின் பாகம், கம்பி, தகரம் எண்டு கண்டதையும் உருக்கி மண் அச்சில வார்க்கிற அலுமினியச் சட்டியளில ஈயம் கலந்திருக்கிறதையும் அது சாப்பாட்டுக்க இறங்கிறதையும் பல நாடுகளில பரிசோதிச்சுக் கண்டிருக்கினம். தகட்டை அழுத்தி எடுத்த சட்டி வழுவழுப்பா, சில நேரம் உள்ளுக்கு மெல்லிய வட்டக் கோடுகளோட இருக்கும். வார்ப்பு சொரசொரப்பா, சின்னச் சின்னக் குழியோட, ஒரு இடம் தடிச்சு ஒரு இடம் மெலிஞ்சு இருக்கும். எங்க செய்தது எண்டு கடைக்காரருக்கே தெரியாத வார்ப்புச் சட்டியை வாங்க வேண்டாம், எவ்வளவு பாரமா இருந்தாலும். மேல நிறைதராசு சொன்ன எடைக் கணக்கு தகட்டுச் சட்டிக்குத்தான்.

எவர்சில்வரும் எல்லாம் ஒண்டில்லை. அடியில தர எண் 304 எண்டு அடிச்சிருந்தா 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல் மட்டில. 202 எண்டா நிக்கலைக் குறைச்சு மங்கனீசு போட்டது, உப்புக்கும் புளிக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்காது. காந்தம் வைச்சுப் பாக்கச் சொல்லுவினம். காந்தம் ஒட்டாட்டி 304 எண்டு முடிவுகட்டேலாது, 202க்கும் ஒட்டாது. காந்தம் பாக்க வேண்டியது இண்டக்சன் அடுப்புக்குத்தான்: அடியில ஒட்டினா வேலை செய்யும்.

எவர்சில்வரில செய்யக்கூடாத ஒண்டு: பச்சைத் தண்ணியில உப்பைப் போட்டிட்டு அடுப்பை மூட்டுறது. கரையாத உப்பு அடியில கிடந்து ஊசிக்குத்து மாதிரிக் குழி விழுத்தும். அது திரும்பப் போகாது. தண்ணி கொதிச்ச பிறகு உப்புப் போட்டுக் கலக்குங்கோ.

மண்சட்டிக்காரி:

புளிக்கறிக்கு மண்சட்டியை விட்டு வேற இடத்துக்கு ஏன் போறியள்? குளத்து மீனோ முல்லைத்தீவு மீனோ, பழப்புளி விட்ட குழம்புக்கு மண் ஒண்டும் செய்யாது, மெல்லச் சூடேறி மெல்ல ஆறும்.

வாங்கேக்க விரல் மொழியால தட்டிப் பாருங்கோ. கணீரெண்டு கேட்க வேணும். பொத்தெண்டு கேட்டா எங்கயோ வெடிப்பு, இல்லாட்டி சூளையில சரியா வேகேல்லை. அடியும் சுவரும் ஒரே தடிப்பா எண்டு உள்ளுக்குக் கை விட்டுத் தடவிப் பாருங்கோ. அடி தடிச்சுச் சுவர் மெலிஞ்ச சட்டி சூடேற அந்தச் சந்தியில தான் விரியும். செங்கட்டி நிறத்தில மினுங்கிற பூச்சுப் பூசினதை விடுங்கோ. ஈரத் துணியால துடைக்க நிறம் கழண்டா அது பூச்சு. தயிர் முட்டியைக் கழுவி அடுப்பில ஏத்துறதும் பிழை, அது அடுப்புக்கு எண்டு செய்த மண்ணில்லை. பொங்கல் பானையும் கழுத்து ஒடுங்கினது, கறி கிண்ட ஏலாது. கறிக்கு அகண்ட வாய்ச் சட்டி.

பழக்குறது: ஒரு நாள் முழுக்கத் தண்ணிக்க அமத்தி வையுங்கோ. முதல்ல குமிழி வரும், அது நிண்டா போதும். நிழலில காய விட்டு, உள்ளுக்குத் தேங்காயெண்ணெய் தடவி, கஞ்சித் தண்ணியை முக்கால் மட்டத்துக்கு விட்டு மெல்லிய நெருப்பில அரை மணித்தியாலம் கொதிக்க வைச்சு, அடுப்பிலயே ஆற விடுங்கோ. அடுத்த நாள் ஒரு பிடி தேங்காய்ப்பூவைப் போட்டு நல்லாக் கறுக்கும் மட்டும் சிறுநெருப்பில வறுத்துக் கொட்டுங்கோ. மாப்பசையும் எண்ணெயும் மண்ணின்ர கண்ணுகளை அடைக்கும், சட்டி ஊறிறது நிக்கும். முதல் கறி பால் விட்டதா இருக்கட்டும், புளி பிறகு.

காஸில வெடிக்கிறது காஸாலை இல்லை. முழு நெருப்பில வெறுஞ்சட்டியை வைச்சு எண்ணெய் காயும் மட்டும் நிக்கிறதால. எண்ணெயை முதலே விட்டு, முதல் ஐஞ்சு நிமிசம் ஆகச் சின்ன நெருப்பு. பிறகும் நடுநெருப்புக்கு மேல போக வேண்டாம். உருண்டை அடி ஸ்ராண்டில ஆடும், கடையில வளையத் தாங்கி விக்கினம், இல்லாட்டி அடி தட்டையாத் தட்டினதைத் தேடுங்கோ. கொதிக்கிற சட்டிக்குப் பச்சைத் தண்ணி ஊத்தக்கூடாது, சுடுதண்ணிதான். இறக்கி ஈரச் சீமெந்தில வைக்கக்கூடாது. வைக்கோலோ கயிறோ சுத்தின வளையத்தில வையுங்கோ. கிண்டச் சிரட்டை அகப்பை.

கழுவச் சவர்க்காரம் வேண்டாம், மண் உறிஞ்சி வைச்சிருந்து அடுத்த கறிக்க விடும். சுடுதண்ணியும் தும்பும் காணும். மாரியில மூடி வைச்சா ரெண்டு நாளில பூஞ்சணம். கவிட்டு, காத்துப் போற இடத்தில வையுங்கோ, வெயில் எறிக்கிற அண்டைக்கு வெளியில. கல்லுத் தண்ணியால வெளிச் சுவரில வெள்ளை உப்புப் பூக்கும், துடைச்சா போகும், சட்டிக்குக் கேடில்லை.

ரெண்டு சட்டி வாங்குங்கோ: மீனுக்கு ஒண்டு, மரக்கறிக்கு ஒண்டு. மீன் வெடில் மண்ணை விட்டுப் போகாது.

வட்டக்கச்சி:

நல்ல விளக்கம், எல்லாருக்கும் நன்றி. அப்ப விறகுச் சோத்துக்குத் தடிச்ச அலுமினியம், காஸ் கறிக்கு அடித்தட்டு எவர்சில்வர், புளிக்கு மண். மிச்சம்: தோசைக்கும் முட்டைப் பொரியலுக்கும் நொன்ஸ்டிக் ஒண்டு எடுக்கலாமோ? கௌபி, கடலை அவிய நேரம் எடுக்குது, குக்கர் எந்த அளவு? பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்கு அடிப்பானை எது?

இரும்புத்தாச்சி:

தோசைக்கு வார்ப்பு இரும்புக் கல்லு. முட்டைக்கு மட்டும் எண்டா சின்ன நொன்ஸ்டிக் ஒண்டு, 20 செ.மீ, வைச்சிருக்கலாம். அது 260 பாகைக்கு மேல போனாப் பூச்சுக் கெடத் தொடங்கும், இன்னும் ஏறினாப் புகை விடும். அந்தப் புகை கூட்டில வளர்க்கிற கிளி, குருவியளைக் கொல்லும். எண்ணெய் விட்டிருந்தா தேங்காயெண்ணெய் அதுக்கு எவ்வளவோ முன்னமே புகைச்சுச் சொல்லிப்போடும். வெறுஞ்சட்டி ஒண்டும் சொல்லாது. கடுகு தாளிக்கச் சட்டியைக் காய வைக்கிற எங்கட பழக்கத்துக்கு நொன்ஸ்டிக் சரிவராது, தாளிதத்துக்குச் சின்ன இரும்புத் தாச்சி ஒண்டு எடுங்கோ. நொன்ஸ்டிக்கில கீறல் விழுந்து பூச்சு உரிஞ்சா அதோட அதின்ர காலம் முடிஞ்சுது.

புது இரும்புக் கல்லைச் சவர்க்காரம் போட்டு ஒருக்கா நல்லாக் கழுவி, அடுப்பில வைச்சு ஈரம் முழுக்கப் போக்குங்கோ. எண்ணெயைத் தடவி, பிறகு காஞ்ச துணியால தடவினதே தெரியாத மாதிரித் துடைச்சு எடுங்கோ. இதில தான் எல்லாரும் பிழை விடுறது: எண்ணெய் தடிப்பா நிண்டா பிசின் மாதிரி ஒட்டும், தோசையும் ஒட்டும். புகை வந்து நிக்கும் மட்டும் காய வைச்சு ஆற விடுங்கோ. நாலு தரம் இப்பிடிச் செய்தாக் கறுத்த மினுக்கம் வரும். தோசைக்கு முதல் பாதி வெங்காயத்தில எண்ணெய் தொட்டுத் தேயுங்கோ. இதில புளிக்கறி வைக்க வேண்டாம், பழக்கின படை கழண்டுபோகும், கறியும் கறுக்கும். மாரியில கழுவின உடனை அடுப்பில காய வைக்காட்டி விடியக் கறள்.

குக்கர் ஆறு பேருக்கு 5 லீற்றர். பருப்பு, கடலைக்கு அரைவாசிக்கு மேல நிரப்பக்கூடாது, நுரை ஏறி ஆவித் துளையை அடைக்கும். உங்களுக்குக் கல்லுத் தண்ணி, ஆகவே ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுத் துளையால வெளிச்சம் தெரியுதோ எண்டு பாருங்கோ. வாசர் இறுகி வெடிப்புக் கண்டா மாத்துங்கோ. பாதுகாப்பு வால்வு உருகிப் போனா அதே கம்பனி வால்வு தான் போட வேணும், ஆணியோ திருகோ இறுக்குற வேலை வேண்டாம். விறகில குக்கர் வைக்கவே வேண்டாம்: கைபிடி எரியும், விசில் வந்தாலும் நெருப்பை உடனை குறைக்கேலாது.

கரிக்கட்டி:

கௌபி அவியாததுக்கு ஒரு காரணம் அந்தத் தண்ணியேதான். கல்லுத் தண்ணியில உள்ள கல்சியம் தோலை இறுக்கும். எவ்வளவு அவிச்சாலும் உள்ளுக்குக் கட்டியா நிக்கும். அதுக்கு அப்பச்சோடா போடுறவை, அலுமினியக் குக்கர் கறுக்கிறதும் அதாலதான். ஊறப்போடவும் அவிக்கவும் ஆர்ஓ தண்ணியோ (மெசினில வடிச்சுச் சுத்தமாக்கினது) மழைத்தண்ணியோ எடுங்கோ, இரவு ஊறினது சோடா இல்லாமல் அவியும். கேத்திலுக்கும் ஆவியில அவிக்கிற பானைக்கும் அதே தண்ணி விட்டா வெள்ளை படியாது.

ஏற்கெனவே படிஞ்சதுக்கு: ஒரு லீற்றர் தண்ணிக்கு மூண்டு மேசைக்கரண்டி வினாகிரி, இல்லாட்டி ரெண்டு தேசிக்காய். ஒரு கொதி, பிறகு அரை மணித்தியாலம் ஊற விட்டு ஊத்துங்கோ. எவர்சில்வருக்கு அவ்வளவு நேரமும் நிக்கலாம். அலுமினியத்துக்கு ஐஞ்சு நிமிசம், அதுக்கு மேல வேண்டாம். கத்தியால சுரண்டாதேங்கோ.

மண்சட்டிக்காரி:

நீத்துப்பெட்டிக்கு வாய் ஒடுங்கின பானை. நேர்ச்சுவர்ச் சட்டி சரிவராது, பெட்டி உள்ளுக்கு இறங்கித் தண்ணி தொடும், நுனிப் பிட்டு களியாகும். பெட்டியைக் கையோட கடைக்குக் கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ. மூண்டில ஒரு பங்காவது வாய்க்கு மேல நிக்க வேணும், நுனிக்கும் தண்ணிக்கும் இடையில நாலு விரல் இடைவெளி. பானையில அரைவாசிக்குக் குறையத் தண்ணி. வாயைச் சுத்தி ஈரத் துணி. ஆவி பக்கத்தால போனா மேல் பிட்டு மாவாவே கிடக்கும். பானை அலுமினியமா இருந்தாலும் குறையில்லை, தண்ணி மட்டும் தானே.

நிறைதராசு:

விறகில வைக்கிற எதுக்கும் பேக்லைற் கைபிடியும் கண்ணாடி மூடியும் வேண்டாம். கைபிடி சுவாலையில பொரிஞ்சு உதிரும், கண்ணாடியில பச்சைத் தண்ணி தெறிச்சா வெடிக்கவும் கூடும். ரெண்டு பக்கமும் அலுமினியக் காது, அதுவும் ஒரு காதுக்கு ரெண்டு தறை ஆணியாவது அடிச்சதா இருக்க வேணும். ஒரு ஆணிக் காது 6 லீற்றர் கொதி கஞ்சியோட திரும்பும். காதைப் பிடிச்சு முறுக்கிப் பாருங்கோ, அசைஞ்சா வேற சட்டி எடுங்கோ.

கரி பிரச்சினைக்கு: விறகில ஏத்த முதல் சட்டியின்ர வெளி அடியிலயும் பக்கத்திலயும் சாம்பலைக் குழைச்சு மெல்லிசாப் பூசுங்கோ, இல்லாட்டி சவர்க்காரத்தைத் தேயுங்கோ. கரி அந்தப் பூச்சில பிடிக்கும், கழுவேக்க அதோட போகும். பச்சை விறகு எண்டா இதுவும் உதவாது, அந்தப் புகையில வாறது தார் மாதிரி ஒட்டும். பாலை விறகு நல்லாக் காஞ்சது கிடைச்சா அதை எரியுங்கோ, கரி குறையும்.

வட்டக்கச்சி:

சரி. சனிக்கிழமை சந்தைக்குப் போகேக்க அடிமட்டமும் நீத்துப்பெட்டியும் கையில. சோத்துச் சட்டி மூடியை அலுமினியத்தில தனியா வாங்கலாம் தானே?

நிறைதராசு:

ஓம், ஆனால் கஞ்சி வடிக்கிறதெண்டா சட்டி வாய்க்கு உள்ளுக்கு ஒரு சென்ரிமீற்றர் இறங்கி இறுக்கமா நிக்கிற மூடியா எடுங்கோ. மேல சும்மா கிடக்கிற தட்டை மூடி, சட்டியைச் சரிக்கச் சோத்தோட சேர்ந்து வழுக்கும். சட்டியோட வைச்சுச் சரிச்சுப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ.